எல்லாம் படித்தும் ஏன் விட முடியவில்லை?

கேள்வி: வணக்கம் மேடம். தென் மாவட்டம் ஒன்றில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 21. முதலாண்டில் அனாட்டமி இன்டர்னல்ஸ் முடிந்த அன்று சீனியர்களோடு டீக்கடையில் ஆரம்பித்தது. இப்போது நாளுக்கு ஆறேழு சிகரெட். பரீட்சை நேரத்தில் பத்தைத் தாண்டும். இரண்டு முறை விட்டுப் பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. போன மாதம் சர்ஜரி போஸ்டிங்கில், பீடி பிடித்துக் கால் விரல்கள் கறுத்துப்போன 35 வயதுக்காரர் ஒருவருக்கு அறிவுரை சொல்லும்படி சீஃப் என்னிடம் சொன்னார். பேசி முடித்ததும் அவர், “சரிங்க தம்பி, உங்க கையிலயும் அந்த வாசனை வருதே” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வார்டில் யாரிடமும் புகையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. இத்தனை படித்தும் என்னால் ஏன் விட முடியவில்லை? அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி? ரூம்மேட் வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறச் சொல்கிறான், மாறலாமா? இரண்டு மாதத்தில் கம்யூனிட்டி மெடிசின் பரீட்சை வருகிறது, அதை முடித்துவிட்டு விடலாம் என்று இருக்கிறேன். சரிதானா? அப்பாவும் புகைப்பவர். நான் பிடிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டுமா?

பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, தகுதி பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை உங்களைப் பற்றியவை, கொஞ்சம் பொறுக்கும். இது கட்டிலில் படுத்திருக்கிறவரைப் பற்றியது.

35 வயதில் பீடி, கறுத்த விரல் என்றால் பெரும்பாலும் டி.ஏ.ஓ.வாகத்தான் இருக்கும், புகையிலையால் கை கால் ரத்தக் குழாய்கள் அடைபடும் நோய். ராத்திரி வலி பொறுக்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்திருப்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃபைனல் இயர் செய்முறைத் தேர்வில் இதே நோய் உங்களுக்கு லாங் கேஸாக வரலாம். சிகிச்சை என்ன என்று எக்ஸாமினர் கேட்டால் முதல் வரியாக எதைச் சொல்வீர்கள்? புகையிலையை முழுசாக நிறுத்துவது. சிம்பதெக்டமி என்ற நரம்பு அறுவை உள்பட மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். நாளைக்கு ஒன்றிரண்டு பீடி மட்டும் பிடித்தால்கூட அந்த நோய் அடங்காது. நிறுத்தியவர்களுக்குக் கால் பெரும்பாலும் மிஞ்சுகிறது. நிறுத்தாதவர்களுக்கு விரல், பாதம், முழங்கால் என்று வெட்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. நிலைமை இப்படியிருக்க, தகுதியில்லை என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் யாருக்கு? உங்கள் கூச்சத்துக்கு அவர் காலைக் கொடுக்க வேண்டியதில்லை.

மருத்துவர் சொல்லும் இரண்டு நிமிட அறிவுரைக்குப் பலன் இருக்கிறதா என்று நிறையவே அளந்து பார்த்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லாமலே நூறு பேரில் இரண்டு மூன்று பேர் ஒரு வருடத்தில் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் சுருக்கமாக ஒரு வார்த்தை சொன்னால் அதோடு இன்னும் ஒன்று முதல் மூன்று பேர் சேருகிறார்கள். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு காலைப்பொழுதில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. புகைக்கிற மருத்துவர்கள் நோயாளிகளிடம் இதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள் என்று பல நாட்டுக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. உங்களுக்கு இப்போது நடந்திருப்பது அதுதான். இப்படியே ஹவுஸ் சர்ஜன் ஆகி, அப்புறம் பி.ஜி.யும் ஆகிவிட்டால் அந்த மௌனம் பழக்கமாகிவிடும்.

அவர் உங்களைக் கேலி செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘இது எவ்வளவு கஷ்டம்னு உனக்கும் தெரியும்தானே’ என்று கேட்டது போலத்தான் படுகிறது. அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். “ஆமாங்க, நானும் விடத்தான் பார்க்கிறேன். உங்க காலுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, அதனால உங்களைப் பத்திப் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு அவர் விஷயத்துக்கே திரும்பிவிடுங்கள். கேட்டால் மட்டும் சொன்னால் போதும், நீங்களாகப் போய் ஒப்பிக்க வேண்டாம். நோயாளிக்கு உங்கள் கதை தேவையில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. எல்லாம் தெரிந்தும் ஏன் முடியவில்லை?

எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரைப் பற்றிச் சொல்கிறேன். புற்றுநோய் வந்த ஒரு பக்க நுரையீரலை முழுசாக ஒரே அறுவையில் எடுத்து, நோயாளி பிழைத்த முதல் சம்பவம் 1933-ல் செயின்ட் லூயிஸில் அவர் கையால் நடந்தது. அந்த நோயாளியும் ஒரு மருத்துவர்தான். பின்னாளில் அதே ஊரில் எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர், உங்களைவிடச் சில வயதே மூத்தவர், நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் புகைப்பழக்கத்தைப் பற்றி விலாவாரியாகக் கேட்டுப் பதிவு செய்யக் கிளம்பினார். கிரஹாமுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவரே சிகரெட் பிடிப்பவர். இருந்தாலும் இடம் கொடுத்தார். 684 நோயாளிகளின் கணக்கோடு இருவர் பெயரிலும் 1950-ல் கட்டுரை வெளிவந்தது. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பெரிய எண்ணிக்கையில் காட்டிய முதல் கட்டுரைகளில் அது ஒன்று. அந்தக் கட்டுரையில் பெயர் போட்ட பிறகும் கிரஹாம் உடனே நிறுத்திவிடவில்லை. சில வருடம் கழித்துத்தான் நிறுத்தினார். 1957-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 1933-ல் அவர் அறுத்துக் காப்பாற்றிய அந்த மருத்துவர் அவருக்குப் பிறகும் சில வருடம் உயிரோடு இருந்தார்.

அதே 1950-ல் லண்டனில் இதே வேலையைச் செய்தவர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும். ஆய்வு முடிவுகள் கைக்கு வர வர டால் தன் சிகரெட்டை நிறுத்திவிட்டார். அப்புறம் 1951-ல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கடிதம் போட்டு, பதில் எழுதிய 34,000-க்கும் அதிகமான ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். உங்கள் கம்யூனிட்டி மெடிசின் புத்தகத்தில் கோஹார்ட் ஆய்வுக்கு, அதாவது ஒரு கூட்டத்தை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுக்கு, எடுத்துக்காட்டாக வருவது இதுதான். இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். நோய்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் என்று கருதப்பட்ட கூட்டத்திலேயே புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னாலேயே செத்துப்போனார்கள் என்பதுதான் ஐம்பது வருடம் கழித்து, 2004-ல் வெளியான முடிவு.

கிரஹாமுக்கும் டாலுக்கும் கிடைத்த தகவல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவர் உடனே விட்டார், ஒருவர் இழுத்தடித்தார். இதை வைத்து இவர் நெஞ்சுறுதிக்காரர், அவர் கோழை என்று நான் சொல்லமாட்டேன். கிரஹாமைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. தகவல் ஒரு மருந்தல்ல, அவ்வளவுதான். நீங்கள் உங்களுக்கே திரும்பத் திரும்பத் தகவலைக் கொடுத்துவிட்டு, குணமாகவில்லையே என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். வேறு எந்த நோய்க்காவது இப்படிச் செய்வீர்களா? சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு, சர்க்கரை ஏன் குறையவில்லை என்று கோபித்துக்கொள்வோமா?

தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை. நம் படிப்பு புகையிலையின் கெடுதலை முதலாண்டிலிருந்து சொல்லிக் கொடுக்கிறது. பெத்தாலஜியில் மூச்சுக்குழாய்ச் செல்கள் உருமாறும் ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா, மெடிசினில் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கம்யூனிட்டி மெடிசினில் கோட்பா என்ற புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம். ஆனால் ஒருவரை விட வைப்பது எப்படி என்று யாராவது உங்களை உட்கார வைத்துச் செய்து காட்டினார்களா? உலக சுகாதார நிறுவனம் 2005 முதல் பல நாடுகளில் மூன்றாம் ஆண்டு மருத்துவ, பல் மருத்துவ, நர்சிங், பார்மசி மாணவர்களிடம் கணக்கெடுப்பு நடத்தியது. நோயாளிகளை விட வைக்கப் பயிற்சி வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். முறையாகப் பயிற்சி கிடைத்ததாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் வார்டுகளில் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் ‘புகைப்பதை நிறுத்த அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதுகிறோமே, பல இடங்களில் சிகிச்சை என்பது அந்த வரியோடு சரி. மே 31, புகையிலை எதிர்ப்பு தினம் வந்தால் போஸ்டர் போட்டி, உறுதிமொழி, ஊர்வலம். ஊர்வலம் முடிந்து பேனரைச் சுருட்டி வைத்ததும் எதிர்க்கடையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும் அந்த விழிப்புணர்வின் ஆயுள். பேராசிரியர்களும் அங்கே நிற்பதுண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே உங்களை ஒரு கேஸாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டரியிலிருந்து ஆரம்பியுங்கள்.

காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்விகள் ஆறில் இதுதான் ரொம்ப முக்கியம். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் நிகோடின் பிடி பலமாக இருக்கிறது. அரை மணி நேரம் தாண்டியும் தாங்குகிறது என்றால் பரவாயில்லை. உங்கள் கடிதத்தில் இந்தத் தகவல் இல்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குப் போய் மூன்று நான்கு நாள் இருந்துவிட்டுத்தானே வருகிறீர்கள்? அப்போது எத்தனை பிடித்தீர்கள், எந்தெந்த நேரத்தில் வெளியே போகக் காரணம் தேடினீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். ஹாஸ்டலில் ஏழு, வீட்டில் ஒன்று என்றால், அந்த ஆறும் உடம்பு கேட்டதல்ல, இடமும் ஆட்களும் கேட்டது. எனக்கு எழுதும் மாணவர்கள் பலருக்குக் கணக்கு இப்படித்தான் வருகிறது.

அப்புறம் ஒரு நாள் முழுக்க, நிறுத்தாமலே, ஒவ்வொரு சிகரெட்டுக்கும் முன்னால் நேரம், இடம், கூட யார், மனநிலை என்று போனில் குறித்து வையுங்கள். வார்டு முடிந்து டீயோடு ஒன்று, மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்ததும் ஒன்று, ராத்திரி போன் பேசும்போது ஒன்று என்று வரிசை வந்துவிடும். இதில் எது இல்லாமல் இருக்கவே முடியாது, எது சும்மா கை போன போக்கில் நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

டென்ஷனைக் குறைக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பரீட்சை நேரத்தில் பத்தைத் தாண்டுவதாக எழுதியிருப்பதிலிருந்து அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பார்மகாலஜி முடித்தவர் நீங்கள். ஒரு இழுப்பில் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்தால் அளவு இறங்கி எரிச்சலும் கவனச் சிதறலும் தலைகாட்டும். ஒன்று பற்ற வைத்ததும் அடங்கும். அடங்கியது அந்த எரிச்சல்தான், பாடத்தின் பயம் அல்ல. முந்தைய சிகரெட் போட்ட முடிச்சை அடுத்தது அவிழ்க்கிறது, அதை நாம் நிம்மதி என்று வாங்கிக்கொள்கிறோம். புகையை விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றும் முன்பைவிடக் குறைந்திருந்தன.

அதனால்தான் பரீட்சைக்கு அப்புறம் விடுகிறேன் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நம் படிப்பில் ‘அப்புறம்’ என்று ஒன்று கிடையாது. இது முடிந்தால் ஃபைனல் இயர், அது முடிந்தால் நைட் டூட்டியோடு ஒரு வருடம் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற பயிற்சி மருத்துவர் வேலை, அதோடு சேர்த்து நீட் பி.ஜி. பரீட்சை வாரத்தில் விடச் சொல்லமாட்டேன், அதுவும் தப்பு. ஆனால் இரண்டு மாதம் இருக்கிறது. நிகோடின் இல்லாத தொல்லை முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். இப்போதே நிறுத்தினால் பரீட்சைக்கு நீங்கள் தெளிவான தலையோடு போவீர்கள். தள்ளிப்போட்டால், ஹாலுக்குள் மூன்று மணி நேரத் தாளில் கடைசி ஒரு மணி நேரம் கை பரபரக்கும்.

தேதியைச் சொல்கிறேன். அடுத்து எந்த வார இறுதியில் வீட்டுக்குப் போக முடியுமோ அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். ஏறும் முன்பே நிறுத்திவிடுங்கள். வீட்டில் எப்படியும் அடக்கித்தான் வாசிக்கப் போகிறீர்கள். மோசமான முதல் இரண்டு நாளை அம்மா சாப்பாட்டோடும் தூக்கத்தோடும் கழியுங்கள். திங்கள்கிழமையும் சேர்த்து இருந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது, அட்டெண்டன்ஸ் இடம் கொடுத்தால்.

கையில் நிகோடின் சூயிங்கம் இருக்கட்டும். 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நாளுக்கு ஆறேழு, முதல் சிகரெட் எழுந்து அரை மணிக்கு மேல் என்றால் அது போதும். எழுந்ததும் பற்ற வைப்பவரானால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதை எப்படி மெல்லுவது என்று பல மருத்துவர்களுக்கே தெரிவதில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண சூயிங்கம் மாதிரி தொடர்ந்து மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகச் சில முறை கடியுங்கள். மிளகு மாதிரி சுர்ரென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுர்ரென்பது அடங்கியதும் திரும்பச் சில கடி. ஒன்று அரை மணி நேரம் வரும். முக்கியமாக, டீ, காபி, ஜூஸ், சோடா குடித்துக் கால் மணி நேரத்துக்குள் வாயில் போடாதீர்கள், மெல்லும்போதும் குடிக்காதீர்கள். வாயில் அமிலத்தன்மை கூடினால் நிகோடின் ஈறு வழியாக ஏறாது. டீயும் சூயிங்கமும் சேர்த்து எடுத்துவிட்டு, ‘மேடம், உங்க மருந்து வேலை செய்யலை’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சூயிங்கத்தை உங்கள் வார்டு நோயாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். டி.ஏ.ஓ.வில் எந்த வடிவ நிகோடினும் நோயைத் தூண்டக்கூடும் என்பதால் தவிர்ப்பதுதான் வழக்கம். அவருக்கு என்ன மருந்து என்பதை யூனிட் சீஃப் முடிவு செய்யட்டும்.

வாரனிக்ளின், புப்ரோபியான் என்று புகைப்பதை நிறுத்த உதவும் இரண்டு மாத்திரைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவ மாணவர்களுக்குள்ள வியாதி, தனக்குத் தானே எழுதிக்கொள்வது. வேண்டாம். புப்ரோபியான் வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, இரண்டுக்கும் அளவைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். சூயிங்கத்தோடு ஒரு முறை முயன்று முடியாவிட்டால் உங்கள் கல்லூரியிலேயே நெஞ்சக நோய்ப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ ஓ.பி. சீட்டுப் போட்டு, நோயாளியாகப் போய் உட்காருங்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுகிறார்கள். சிகரெட் அட்டையின் மேலேயே அச்சடித்திருக்கிறது. ஒற்றை ஒற்றையாகச் சில்லறையில் வாங்குகிறவர் கண்ணில் அது எங்கே படப்போகிறது!

அந்தச் சில்லறை விற்பனைதான் உங்கள் பெரிய எதிரி. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ம் வருடச் சட்டம் சொல்கிறது. கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சட்டம் வந்து காப்பாற்றும் வரை காத்திருக்க முடியாது. முதல் இரண்டு வாரம் டீயை மெஸ்ஸில் குடியுங்கள். நண்பர்களை விட்டுவிடச் சொல்லவில்லை, கடையை மட்டும். சீனியர் கூப்பிட்டால் ‘ட்ரை பண்றேண்ணே’ என்று சொல்லாதீர்கள், உடனே ஒன்றை நீட்டுவார். ‘விட்டுட்டேண்ணே’ என்று முடித்துவிடுங்கள். நாலு நாள் ஓட்டுவார்கள், அப்புறம் அவர்களில் ஒருவரே தனியாக வந்து எப்படி விட்டாய் என்று கேட்பார்.

டீயை அளவிலும் குறையுங்கள், பாதியாக. சிகரெட் புகையிலுள்ள பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் கஃபீனைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 1ஏ2 நொதியைக் கூட்டி வைத்திருக்கும். விட்ட சில நாளில் அது இறங்கிவிடும். அதே நாலு டீக்கு ரத்தத்தில் கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் வரும். சிகரெட்டை விட்டதால் வந்த தொல்லை என்று நினைத்துத் திரும்பப் பிடித்துவிடுவோம். ஒரு வாரம் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாரம் எத்தனை டீ குடித்தீர்கள்?

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பாக்கெட் வாங்காதீர்கள். எந்த நேரம், யாரோடு என்று அதையும் குறித்துவிட்டு அடுத்ததைப் பிடிக்காமல் இருங்கள். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் பலமுறை முயன்றவர்கள்தான். ஆனால் இரண்டு மூன்று வாரம் ஆகியும் மனசு தேறாமல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதை நிகோடின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். புகைக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கலாம். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற பெயரில் மாணவர்களுக்கான மனநல மன்றம் இருக்கிறது, 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது. மாணவிகளும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்குப் புகையைவிட அதை மறைப்பதே பெரிய பாரம். அவர்களுக்கும் இதேதான் என் பதில்.

வேப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2019 முதல் இந்தியாவில் இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாம் குற்றம். சிகரெட்டைவிட அதில் நச்சு குறைவு என்பதும், இங்கிலாந்தில் சிகரெட்டை விடுவதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மைதான், மறைக்க மாட்டேன். அங்கே அதில் என்ன இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு. உங்கள் ரூம்மேட் வாங்கித் தருவது கள்ளச் சந்தைச் சரக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. தவிர, சிகரெட் ஒரு கட்டத்தில் தீர்ந்து அணைகிறது. இது தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும், ராத்திரி முழுக்க இழுக்கலாம். உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் நிகோடின் பொட்டலங்கள் என்று இன்னொன்று ஹாஸ்டல்களில் சுற்றுகிறது. அதையும் தொட வேண்டாம்.

இவ்வளவு சொன்னதில் உங்களுக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது. சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குப் பேக்-இயர் (நாளுக்கு இருபது சிகரெட் வீதம் ஒரு வருடம் பிடித்தால் ஒன்று) போடுவீர்களே, அதை உங்களுக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு, இரண்டரை வருடம், நாளுக்கு ஏழு. இன்னும் ஒரு பேக்-இயரைத் தொட்டிருக்காது. டால் ஆய்வில் 30 வயதுக்குள் நிறுத்தியவர்கள் இழக்கவிருந்த பத்து வருடத்தையும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பப் பெற்றார்கள். 21 வயதில் இதைக் கேட்டு யாரும் விடுவதில்லை, எனக்கும் தெரியும். நாற்பது வருடம் தள்ளி வரும் நோயைக் காட்டி இந்த வயதில் பயமுறுத்த முடியாது. மாதக் கணக்கைப் பாருங்கள். ஒன்று இருபது ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 140, மாதம் 4,200. உங்கள் மெஸ் பில் எவ்வளவு?

கடைசியாக, வீடு. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகு சொல்லலாமா என்று யோசித்துக்கொள்ளுங்கள், அப்போது கேட்பதும் சுலபம், சொல்வதும் சுலபம். அப்பாவிடம் மட்டும் முன்னாலேயே பேசலாம் என்பது என் எண்ணம். உங்கள் அப்பாவுக்கு 50-ஐ ஒட்டிய வயது இருக்கலாம். டால் கணக்குப்படி அந்த வயதில் நிறுத்தினாலும் சுமார் ஆறு வருடம் கைக்கு வருகிறது. ‘விடுங்கப்பா’ என்று சொன்னால் டாக்டருக்குப் படிக்கிற திமிர் என்று தோன்றலாம். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்ற அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். ‘உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்’ என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இருவரும் ஒரே வெள்ளிக்கிழமையைத் தேதியாக வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவருக்கு இதய நோய், ரத்தக் கொதிப்பு ஏதாவது இருந்தால் சூயிங்கம் வாங்கிக் கொடுக்கும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.